கருப்பொருள்: டிரம்

பன்னிரண்டு படைப்புகள், ஒரே கருப்பொருள் என்று
புதுச்சேரிக் கல்லூரி விண்ணப்பத்தில் இருந்தது.
எழுத ஒன்றரை அங்குலக் கோடு.
கடல் என்று எழுதி அடித்தேன்.
கடலூரிலிருந்து போகிறவர்கள் எல்லாரும்
கடலைத்தான் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள்.
பெண்மை என்று எழுதினேன்.
எனக்கே சிரிப்பு வந்தது. அதையும் அடித்தேன்.

இரண்டு வருஷத்து ஓவியங்களைத் தரையில் பரப்பி
மின்விசிறியை நிறுத்திவிட்டு
ரிஸ்வானாவைக் கட்டில்மேல் ஏறச் சொன்னேன்,
மேலிருந்து போனில் பிடிக்க.
துறைமுகத்தில் காயும் வலை.
கெடிலம் பாலத்தடியில் எருமைகள்.
அம்மா தலை துவட்டுவது.
கோயிலின் பின்சுவர், ஏன் வரைந்தேன் என்றே தெரியவில்லை.
முன்பின் தெரியாதவர்கள் ஒரே பந்தியில்
உட்கார்ந்துவிட்ட மாதிரி கிடந்தன.

"எல்லாத்துலயும் அந்த டிரம்மு ஏன்டி இருக்கு?"
என்றாள் கட்டில்மேலிருந்து.

இருந்தது.
வலைக்குப் பின்னால் பாதி.
எருமைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து.
அம்மா சாய்ந்திருந்ததே அதன்மேல்தான்.
வரைந்ததாக நினைவில்லை,
இடத்தை நிரப்பப் போட்டிருப்பேன்.

சிப்காட்டிலிருந்து மூன்று கை மாறி
எங்கள் தெருவுக்கு வரும் நீல டிரம்.
முதல் மாசம் துணி துவைக்க மட்டும்.
அடுத்த மாசம் குளிக்க.
அதற்கப்புறம் யாரும் கணக்கு வைப்பதில்லை.
மூடியைத் திறந்தால் ஒரு வாடை,
மண்ணெண்ணெயுமில்லை, பழமுமில்லை.
அதை எந்தப் பென்சிலில் வரைவது?
மூன்றாம் தாளில் மூடியை மட்டும் வரைந்து
சுற்றிலும் வெறுமனே விட்டேன்.
ரிஸ்வானா அதைக் கையிலெடுத்து
மூக்கருகே கொண்டுபோனாள், விளையாட்டுக்கு.

இம்பீரியல் ரோட்டில் வாங்கிய
கால் இம்பீரியல் தாள்கள்.
நீலம்தான் வரவில்லை.
போஸ்டர் கலரில் பள்ளிக்கூடச் சுவராகிவிட்டது,
பால்பாயிண்ட்டில் மருந்துச் சீட்டு.
கடைசியில் சொட்டு நீலத்தைத் தொட்டேன்,
அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கென்று வைத்திருந்தது.
காயும்போது ஒரு நிமிஷம்
அதே நீலம், அச்சு அசலாக.
அப்புறம் வெளுத்தது.
வெளுத்தால் வெளுக்கட்டும் என்று
ஏழாம் தாளை மாடியில் வெயிலுக்கு விட்டேன்.

ஒன்பதில் வெள்ளம்.
நாலு டிரம்மைக் கட்டி ஆட்டை ஏத்தினோம்,
அப்பா சொன்னது அவ்வளவுதான்.
ஆட்டின் முகத்தை நானாகத்தான் போட்டேன்.
பத்தில் சுரண்டிய லேபிள்,
மண்டை ஓட்டில் ஒரு கண் மட்டும் மிச்சம்.
மற்றவை சுமார்.
ஐந்தையும் ஆறையும் யாரும் கேட்காதிருக்கட்டும்.

பதினொன்றுக்காகத் தெருவில் உட்கார்ந்தேன்.
லாரி இன்னும் வரவில்லை.
ஆட்கள் வீட்டுக்குள் இருக்க
டிரம்கள் மட்டும் வரிசையில் நின்றன,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளை எனாமலில் பெயரோடு.
தனக்கோடி. மேஸ்திரி சுப்புராயன்.
அஞ்சலாட்சி வீடு.
அதில் இடம் போதாமல்
'ட்சி' மட்டும் கீழே தொங்கியது.

அந்த 'ட்சி' என்னுடையது.
ஐந்தாம் வகுப்பு லீவில்
டிரம்முக்கு ஐந்து ரூபாய் வாங்கி
தெரு முழுக்க எழுதியவள் நான்.
வாங்கிய காசு நினைவிருந்தது, எழுத்து மறந்துவிட்டது.
தேய்ந்த இடங்களில் யார் யாரோ
என் கோணல் மாறாமல்
மேலே தீட்டியிருக்கிறார்கள்.

முப்பத்தொரு டிரம் எண்ணினேன்.
எதையும் உறையில் போட்டு அனுப்ப முடியாது.

பன்னிரண்டாம் தாளில்
'ட்சி' மட்டும், தொங்கியபடி.
கோட்டில் டிரம் என்று எழுதினேன்,
பாதிக்கு மேல் இடம் மிச்சம்.
கையெழுத்துப் போடுமுன் லாரி ஹார்ன் அடித்தது.
பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் டிரம்மில் பெயர் கிடையாது.
அன்றைக்குப் பெயிண்ட் தீர்ந்துபோயிருக்கும்.
அம்மா எப்படியோ
நேராக அதனிடம் போய் நிற்கிறாள்.